தாவீது அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை வலி

தாவீது அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், திருவிடந்தையில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிரே இருக்கின்றன. அவர் போட்ட சத்தத்தில் எங்கள் வரிசையில் எல்லா விளக்கும் எரிந்தது. முதல் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருபது லிட்டர் தண்ணி கேனைக் குனிந்து ஒரே மூச்சில் தூக்கியிருக்கிறார். தூக்கிய கையோடு இடுப்பைத் திருப்பி ஸ்டாண்டில் கவிழ்க்கப் போனதுதான் வினை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சமையற்கட்டு முழுக்கத் தண்ணீர். நடுவில் அண்ணன் கையும் முட்டியும் தரையில் ஊன்றி அசையாமல் நின்றார்.

"இன்னா அண்ணாத்த, இன்னா ஆச்சு?"

"பேசாத. மூச்சு வுட்டாக்கூட புடிக்குது."

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவன் கழனியில் குனிந்தே காலத்தைக் கழித்தவர்கள். இனி எங்கள் வீட்டில் யாரும் குனிய மாட்டோம் என்று சொல்லி இருபது வயதில் ஸ்டியரிங் பிடித்தவர் இவர். எங்கள் தெருவில் முதலில் லைசென்ஸ் எடுத்தவரும் அவர்தான். லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் ஓட்டிவிட்டு, கடந்த பதினோரு வருடமாக நாவலூரில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். குனியாத வேலைதான். ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிற வேலை. குனிந்தால் மட்டும்தான் இடுப்பு போகும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். தபால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கும் அதே இடத்தில் வலி உண்டு.

எப்படியோ அவரைப் பாயில் குப்புறப் படுக்க வைத்தோம். படுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஜெனி இருந்தா ஒரு நிமிசத்துல போயிடும்."

அவர் மனைவி வரலட்சுமி அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெனிஃபர் அவர்களுக்கு ஒரே மகள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் இடுப்பில் கால் வைத்து மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இடது காலால் மூன்று தரம். அவ்வளவுதான். ஜெனிக்கு நாலு வயதானதும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்தால் போதும், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் தாவீது அண்ணன் வீட்டில் வரிசையாகக் குப்புறப் படுத்திருப்பார்கள். இவள் வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு முதுகாக நடப்பாள். "இங்கியா? இன்னும் கீழயா?" என்று பெரிய டாக்டர் மாதிரி கேள்வி வேறு. கடைசி முதுகு அவள் அப்பாவுடையது. அதில் மட்டும் அரை மணி நேரம் நடப்பாள். அவர் அப்படியே தூங்கிப்போவார்.

பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானாள். வரலட்சுமி அக்கா, "போதும், இனிமே யார் முதுவுலயும் ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார். யார் முதுகிலும் என்றால் அப்பா முதுகும் சேர்ந்துதானே. எங்கள் வீடுகளில் வளர்ந்த பெண்ணும் அப்பாவும் தொட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. அன்றோடு அது நின்றது. அதற்குப் பிறகு அவள் தன் மேல் கை வைத்ததே இல்லை என்று தாவீது அண்ணன் என்னிடம் சொன்னது, இந்த இடுப்பு வலி வந்த பிறகுதான். இத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

இப்போது ஜெனிக்கு இருபத்தெட்டு. ஊரப்பாக்கத்தில் கணவன் ராகவனோடு இருக்கிறாள். இங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத் தூரத்தை நாலு வருடமாக இரண்டு பேரும் தாண்டவில்லை. சண்டையா என்றால் சண்டை இல்லை. சண்டை என்றால் யாராவது கத்தியிருப்பார்கள், நாங்கள் நடுவில் புகுந்து தீர்த்து வைத்திருப்போம்.

நடந்தது இதுதான். ராகவனின் அப்பா கோபாலகிருஷ்ணன் கல்பாக்கத்தில் பெரிய வேலையில் இருந்தவர். பிள்ளைகள் விரும்பிவிட்டார்கள், சரி என்று அரை மனதாக ஒத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன் வைத்தார். எங்கள் தெரு ஆட்களை இரண்டு டிரிப்பாக ஏற்றி வந்தது பெண்ணின் அப்பாவேதான். வெளி டிரைவர் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டாவது டிரிப் முடித்து, வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ள, சாவியும் கையுமாக மண்டபத்துக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்து, "டிரைவர், இந்தப் பெட்டியெல்லாம் மாடி ரூமுக்குக் கொண்டுபோய் வெச்சிடுப்பா" என்றார். நாலு பெட்டி. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தூக்கினார். தூக்கும்போது மேடையைப் பார்த்தார். மேடையிலிருந்து ஜெனியும் பார்த்தாள். பார்த்துவிட்டு, போட்டோ எடுப்பவன் சொன்ன பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெரியவர் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார், தெரியாமல் சொன்னதுதான். ஆனால் மகளுக்குத் தெரியுமே. அதன் பிறகு இவர் அங்கே போகவில்லை, அவள் இங்கே வரவில்லை. வந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் பயம். பேரன் பிறந்தபோது மட்டும் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய், சம்பந்தி வீட்டார் நடுவில் மகளிடம் பேசாமலே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்தார். மற்றதெல்லாம் வரலட்சுமி அக்கா போனில்தான். அக்கா பேசும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்து நியூஸ் பார்ப்பதுபோல் டிவி சத்தத்தைக் குறைப்பார். தானாக ஒரு தடவைகூட மகளைக் கூப்பிட்டதில்லை.

இடுப்புக்கு வருவோம். மூன்று நாள் அண்ணன் அசையாமல் படுத்திருந்தார். சிறுநீர் கழிக்க எழுந்திருக்கவே அரை மணி நேரம். "ஜெனிய கூப்புடட்டா?" என்று அக்கா கேட்டால், "வேணாம், அது வேலையா இருக்கும்" என்பார். கொஞ்ச நேரத்தில் அவரே, "ஜெனி கால் வெச்சா போயிடும்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. மகளைக் கூப்பிட மாட்டாய், ஆனால் கால் முதலில் வந்த ஆள்தான் வேண்டும், அவ்வளவுதானே என்று நான் ஊரெல்லாம் விசாரித்து உலகநாதனைக் கூட்டி வந்தேன். அந்தப் பாவத்தில் எனக்குப் பெரும் பங்கு உண்டு.

உலகநாதன் கோவளத்தில் தண்ணி டேங்கர் ஓட்டுகிறவர். கால் முதலில் பிறந்தவர் என்பதில் சந்தேகமே இல்லை, அவர் அம்மாவே சத்தியம் செய்தார். ஆள் எடை மட்டும் தொண்ணூற்றைந்து கிலோ. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு மரியாதையாகத்தான் ஏறினார். முதல் தரம் கால் வைத்தபோது அண்ணன் "ஐயோ" என்றார். இரண்டாம் தரம் சத்தமே வரவில்லை. மூன்றாம் தரத்துக்கு நாங்கள் விடவில்லை.

அடுத்த நாள் காலையில் அவரை என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திட்டு நின்றது.

"ஜெனி கால் வெச்சிருந்தா பூ மாரி இருந்திருக்கும்" என்றார்.

"அண்ணாத்த, அப்ப அதுக்கு அஞ்சு வயசு. இப்ப அதுவும் அறுவது கிலோ இருக்கும்."

"எனுக்கு அதெல்லாம் தெர்யாது" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். முகத்தைச் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஹரிப்ரியா என்ற பெண் இருந்தாள். தெற்கத்திப் பேச்சு, சிரித்த முகம், ஆனால் விடாத கேள்வி. காலில் மரத்துப்போகிறதா, பாதம் தூக்க முடிகிறதா, ஒன்றுக்கு இரண்டுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை என்றதும் அவளுக்கே ஒரு நிம்மதி.

"அதெல்லாம் இருந்தா ஒடனே ஓடி வரணும். உங்களுக்கு எலும்பு, நரம்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். தசை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா முதுகுல என்ன இவ்ளோ பெரிய கன்னிப்போன தடம்?"

நான் சொன்னேன். அவள் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

"இனிமே யாரும் மிதிக்கக் கூடாது. புண்பட்ட தசை மேல ஏறி நின்னா அது எப்படி ஆறும்? இன்னொண்ணு, படுத்தே கெடக்காதீங்க. அசையாம இருந்தா இன்னும் இறுகிப்போயிரும். இன்னைக்கே வீட்டுக்குள்ள நடங்க, நாளைக்குத் தெருமுனை வரைக்கும். கொஞ்சம் வலிக்கும், வலிச்சா ஒடஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல. வெந்நீர்ல துணிய நனைச்சுப் பிழிஞ்சு இருபது நிமிஷம் போடுங்க."

பிறகு அவர் பேண்ட் பின்பாக்கெட்டைக் காட்டி, "அது என்ன?" என்றாள். லைசென்ஸ், ஆர்.சி. ஜெராக்ஸ், டீசல் பில் எல்லாம் திணித்த பர்ஸ். செங்கல் கனம் இருக்கும். பதினோரு வருடமாக அதன் மேல் ஒருக்களித்து உட்கார்ந்துதான் வேன் ஓட்டியிருக்கிறார். அதை எடுத்து முன்னால் வைக்கச் சொன்னாள். சீட்டை நிமிர்த்தி, ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் பள்ளத்தில் வைக்கச் சொன்னாள். ஆட்களை இறக்கிவிட்ட ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சுற்றி நாலு சுற்று நடக்க வேண்டும். கேன் தூக்கினால் முட்டியை மடக்கி, மார்போடு அணைத்துத் தூக்கி, காலோடு திரும்ப வேண்டும். தினமும் செய்ய நாலு பயிற்சியைப் படம் போட்ட தாளில் கொடுத்தாள். "ஆறு வாரத்துல சரியாயிடும்" என்று அவள் சொன்னபோது அண்ணன் அவளை நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மாலை வரலட்சுமி அக்கா யாரையும் கேட்காமல் மகளுக்குப் போன் செய்தார். "உங்க நைனா எழுந்து ஒக்கார முடியாம கீறாரு. உன் பேரத்தான் சொல்லிகினு கீறாரு. இதுக்கு மேல உன் இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. முன்னால் இரண்டு வயதுப் பேரன் நின்றபடி வந்தான். ஜெனி வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போனதும், "இன்னா நைனா இது" என்றாள். அவர், "ஒண்ணுமில்லம்மா, லேசா புடிப்பு" என்றார். நாலு வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசியது அவ்வளவுதான். அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். மிதிக்கக் கூடாது என்று ஹரிப்ரியா மேலே எழுதிக் கொடுத்திருந்த பயிற்சித் தாளை அவள் முழுக்கப் படித்தாள். பிறகு அடுப்பில் வெந்நீர் வைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து, சூட்டை முதலில் தன் முழங்கையில் வைத்துப் பார்த்து, அவர் இடுப்பில் போட்டாள். துண்டு நழுவாமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். இருபது நிமிடம். பதினைந்து வருடம் கழித்து அவள் கை. அண்ணன் தலையணையில் முகம் புதைத்து, சத்தம் வராமல் அழுதிருக்கிறார். துண்டின் ஈரத்தோடு ஈரம் என்று யாரும் கவனிக்கவில்லை என்பது அவர் நினைப்பு. அக்கா கவனித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்ததும்.

இதற்கிடையில் அந்த ஹரிப்ரியா சொன்னது பலித்துக்கொண்டு வந்தது. அண்ணன் விடியற்காலையில் சவுக்குத் தோப்பு ஓரம் நடந்தார். நாலு பயிற்சியையும் ஜெபம் மாதிரி தவறாமல் செய்தார். நாலாம் வாரம் டூட்டிக்குப் போனார். ஐந்தாம் வாரத்தில் வலி இருந்த இடமே தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை என் வீட்டு சிலிண்டரை அவர்தான் முட்டி மடக்கித் தூக்கி உள்ளே வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. பதினோரு மணிக்கு நான் அவர் வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. மனுஷன் ஸ்ட்ரைக்கரை அப்படியே போட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவிப் பாயில் குப்புற விழுந்தார்.

"இன்னா அண்ணாத்த!"

"ஷ்ஷ்!"

ஜெனி உள்ளே வந்ததும், "இப்ப எப்டி கீது நைனா?" என்றாள். "கீதும்மா, இன்னும் கீது" என்று முனகினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் எதுவும் தெரியாதவர்போல அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

இப்படியே ஐந்து ஞாயிறு. தேவையே இல்லாத ஒத்தடத்துக்காக அந்த மனிதர் வாரம் முழுக்கக் காத்திருந்தார். சனிக்கிழமை வந்தால் முகம் தெளியும், திங்கட்கிழமை வாடும். "எத்தினி நாளைக்கு இந்த நாடகம்?" என்று கேட்டேன். "வலி போச்சுன்னு சொன்னா அது இன்னாத்துக்கு வரப்போவுது?" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஜெனி தானாகப் பேசினாள். முகம் பார்க்காமல் இருந்தால்தான் சில பேச்சு வரும்.

"நைனா, அன்னிக்கு மண்டபத்துல நீ பெட்டி தூக்கிகினு போனப்ப நான் மேடைய வுட்டு எறங்கி வந்திருக்கணும். இவர்தான் எங்க நைனான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தெனமும் நெனச்சுக்குவேன். உன் மூஞ்ச பாக்கவே எனுக்கு ஒரு மாரி இருந்திச்சு."

இந்த இடத்தில் சும்மா படுத்திருந்தால் கதை சுபம். ஆனால் தாவீது அண்ணன் அந்த மாதிரி ஆள் இல்லை. பொய் வலியைக் காட்டி மெய்யான மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. சட்டென்று எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த வேகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எனுக்கு வலி போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுதும்மா" என்றார்.

"அப்ப இத்தினி நாளா?"

"சும்மா படுத்துகினு இருந்தேன்."

ஜெனி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். "வாரத்துக்கு ஒரு நாள்தான் எனுக்கு லீவு. அவங்க வூட்டுல என்னென்னமோ சொல்லி சமாளிச்சு, கொழந்தைய வெய்யில்ல வெச்சுகினு வரேன். நீ நடிச்சுகினு இருந்தியா? வலி இருந்தாதான் நான் வருவேன்னு நெனச்சியா?"

"நாலு வருசம் வரலியேம்மா."

"நீ கூப்புடலியே! ஒரு தபா கூப்புட்டியா? அம்மாதான் கூப்புடுது. பொறந்த நாளுக்கு அம்மா, கிறிஸ்துமஸுக்கு அம்மா. நீ படுத்துகினு கெடக்குறன்னு சொல்றதுக்கும் அம்மா. நான் உனுக்கு வேணுமா, ஒத்தடம் வேணுமா?"

துண்டைப் பாத்திரத்தில் எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அக்கா செய்து வைத்திருந்த மீன் குழம்பு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அக்கா போனை எடுத்தார். அண்ணன் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார், "நீ கூப்புடாத" என்று. அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சோறு மட்டும் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நான் போனபோது மணி பத்தரை. அண்ணன் அக்காவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். எட்டு மணியிலிருந்து இதேதான் என்று அக்கா கண்ணால் காட்டினார். மகள் நம்பரை எடுப்பதும் போனை அணைப்பதுமாக இருந்தார். வேன் நிறைய ஆட்களின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஓ.எம்.ஆர். சாலையில் ஓட்டுகிற மனுஷன், ஒரு பொத்தானை அழுத்தப் பயந்து வியர்த்துப்போயிருந்தார்.

"அண்ணாத்த, இன்னா பேசப்போற?" என்றேன்.

"அதான் தெர்ல. காரணம் ஒண்ணும் இல்லியே."

பிறகு அழுத்திவிட்டார். மணி போகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. அந்தப் பக்கம் ஜெனி, "சொல்லும்மா" என்றாள்.

"அம்மா இல்ல. நைனா பேசுறேன்."

போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"இடுப்பு நல்லா கீது. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அம்மாவும் நல்லா கீது. யாருக்கும் ஒண்ணும் இல்ல." அவருக்கு மூச்சு வாங்கியது. "உன்ன பாக்கணும் போல கீதும்மா. சும்மா வா. ஒண்ணுத்துக்கும் இல்ல, சும்மா வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

"போன வெய்யி நைனா" என்றாள் ஜெனி. "நீ பேசிகினே இருந்தா நான் எப்ப கெளம்புறது?"

அண்ணன் போனை வைக்கவில்லை. அவள் வைத்த பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.